தனித்தனி வாசல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் நீயாவது எழுது. போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள்.

நீ அனுப்பிய முதியோர் இல்லப் பிளானைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். மூன்று மாடி, நடுவில் நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள், கீழே எல்லாருக்கும் ஒரே வாசல், அதில் ஒரு காவலாளி. டிரஸ்டில் இருப்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள், இடமும் குறைவு, செலவும் மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். கூடவே, "விக்டோரியா ராணி காலத்து முதியோர் வீடுகளுக்குள் எல்லாம் போய்வந்தவள் நீதானே, அதைப் பற்றிக் கொஞ்சம் எழுது, அவர்களிடம் பேச உதவும்" என்றும் கேட்டிருக்கிறாய். நான் கட்டடக்கலை படித்தவள் இல்லை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, இன்சுலின் ஊசி குத்திவிட்டு வரும் நர்ஸாக இங்கே காலம் போய்விட்டது. அதனால் வீடுகளின் வாசல்படி, மாடிப்படி, சன்னல், ஈரம் எல்லாம் நன்றாகத் தெரியும். மற்றதெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு ஆர்வத்தில் படித்ததும், பஸ் ஏறிப் போய்ப் பார்த்ததும்தான்.

இங்கிலாந்தில் ஆம்ஸ்ஹவுஸ் என்பது மிகப் பழைய ஏற்பாடு. பணம் படைத்த ஒருவரோ, ஒரு வணிகர் குழுவோ, ஒரு தேவாலயமோ நிலபுலன் எழுதிவைக்கும். அதன் வருமானத்தில் ஊரிலுள்ள ஏழை முதியவர்களுக்கு வாடகையில்லாத வீடு. வின்செஸ்டரில் உள்ள செயின்ட் கிராஸ் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி இன்னும் நடக்கிறது. இன்றைக்கும் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 அறக்கட்டளைகள் இந்த வீடுகளை நடத்துகின்றன. 35,000 பேருக்கு மேல் அவற்றில் வாழ்கிறார்கள். ஆனால் நீ தெருவோரம் பார்த்தால் "அட, எவ்வளவு அழகாக இருக்கிறது" என்று நிற்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை விக்டோரியா காலத்தில் கட்டியவை அல்லது அப்போது இடித்துத் திரும்பக் கட்டியவை. அந்த அறுபது எழுபது வருஷத்தில் ஏன் இத்தனை கட்டினார்கள் என்பதற்குப் பதில் ஆம்ஸ்ஹவுஸில் இல்லை. அதற்கு எதிரே நின்ற இன்னொரு கட்டடத்தில் இருக்கிறது.

அதுதான் ஒர்க்ஹவுஸ். 1834இல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். உடம்பில் வலு உள்ளவனுக்கு வீட்டில் வைத்து உதவித்தொகை கொடுக்கக் கூடாது, உதவி வேண்டுமானால் ஒர்க்ஹவுஸுக்குள் வரட்டும், உள்ளே வாழ்க்கை வெளியே உள்ள மிக ஏழையின் வாழ்க்கையைவிடக் கஷ்டமாக இருக்கட்டும், அப்போதுதான் யாரும் வரமாட்டார்கள் என்பது கணக்கு. சோம்பேறிகளை விரட்டப் போட்ட கணக்கு; கடைசியில் போய்ச் சேர்ந்தது கவனிக்க ஆளில்லாத முதியவர்களும் விதவைகளும் நோயாளிகளும். சாம்ப்சன் கெம்ப்தோர்ன் என்ற கட்டடக் கலைஞர் அரசுக்காக 1835இல் மாதிரிப் பிளான்கள் போட்டுக் கொடுத்தார். நடுவில் மேலாளரின் வீடு. அங்கிருந்து சிலுவை போலவோ, மூன்று கிளையாகவோ கட்டடங்கள் பிரியும். இடையிடையே மதில் வைத்த முற்றங்கள். ஆண்கள் ஒன்றில், பெண்கள் ஒன்றில், பையன்கள் ஒன்றில், பெண்பிள்ளைகள் ஒன்றில். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கிழவனும் கிழவியும் வாசலில் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம். அறுபது தாண்டிய தம்பதிகளைப் பிரிக்கக் கூடாது என்று 1847இல் ஒரு விதி வந்தது. பல இடங்களில் அது பேருக்குத்தான் இருந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில், இந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக 1824இல் கட்டிய ஒர்க்ஹவுஸை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள மேலாளர் அறையின் சன்னல்களில் நின்றால் எல்லா முற்றமும் தெரியும். முற்றத்தில் நிற்கிறவருக்கு மதில்தான் தெரியும்.

இந்த ஒர்க்ஹவுஸ்களைக் கண்டு கொதித்தவர் பியூஜின் என்ற கட்டடக் கலைஞர். லண்டன் பார்லிமென்ட் கட்டடத்தின் உள்அலங்காரம் முழுக்க அவர் கைவண்ணம். நாற்பது வயதில் 1852இல் செத்துப்போனார். "கான்ட்ராஸ்ட்ஸ்" என்று ஒரு புத்தகம் போட்டார். அதன் 1841 பதிப்பில் ஒரு பக்கப் படம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும், கட்டாயம் பார். மேலே அவர் காலத்து ஏழைகள் விடுதி: மொட்டை நிலத்தில் பல கோணங்களோடு, நடுவில் கண்காணிக்கும் மையத்தோடு, சிறைச்சாலை மாதிரி ஒரு கட்டடம். கீழே பழங்காலத்து விடுதி: தோட்டம், சாப்பல், உயர்ந்த கூரை, நாற்புறமும் வீடுகள் சூழ்ந்த முற்றம். ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக அங்கே ஏழை உடுத்துவது என்ன, இங்கே என்ன, அங்கே சாப்பாடு என்ன, இங்கே என்ன என்று வரைந்திருக்கிறார். மேலே கஞ்சியும் ரொட்டியும். கீழே மாட்டிறைச்சியும் பீரும். கடைசிப் படம்தான் வயிற்றைக் கலக்கும். கீழே இறந்தவருக்குப் பிரார்த்தனையோடு அடக்கம் நடக்கிறது. மேலே பிணம் மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்குப் போகிறது. அது அவர் கற்பனை இல்லை. 1832இல் வந்த உடற்கூறு சட்டப்படி, ஒர்க்ஹவுஸில் இறந்து யாரும் கேட்டு வராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம்.

படம் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். பழைய காலத்து விடுதிகளில் எல்லா ஏழைக்கும் இடம் இருந்ததில்லை. பன்னிரண்டு பேருக்கு இருந்தால் பெரிய விஷயம். ஒர்க்ஹவுஸின் மிக மோசமான முகத்தையும் ஆம்ஸ்ஹவுஸின் மிக நல்ல முகத்தையும் எடுத்து எதிரெதிரே வைத்துவிட்டார். ஆனாலும் அந்த ஒரு பக்கம் வேலை செய்தது. பிறகு வந்த ஆம்ஸ்ஹவுஸ்களைப் பார்த்தால், பலவற்றில் அந்தக் கீழ்ப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியது போலவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கில்பர்ட் ஸ்காட்டை உனக்குத் தெரிந்திருக்கும்; மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்துக்கு இந்தியாவையே பார்க்காமல் டிசைன் போட்டவர். இளைஞனாக இருந்தபோது அவர் வேலை பார்த்தது கெம்ப்தோர்னிடம்தான். பிறகு மோஃபட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து நாற்பதுக்கும் மேல் ஒர்க்ஹவுஸ்கள் கட்டித் தள்ளினார். பியூஜினின் எழுத்தைப் படித்துத்தான் தூக்கத்திலிருந்து விழித்தேன் என்ற பொருளில் பின்னால் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதே மனிதர் 1872இல் சர்ரேயில் காட்ஸ்டோன் என்ற ஊரில், மகளைப் பறிகொடுத்த ஒரு தாய்க்காக ஆம்ஸ்ஹவுஸ் கட்டிக் கொடுத்தார். கல்லும் மரச்சட்டமும் கலந்த வீடுகள், உயர்ந்த புகைபோக்கிகள், பக்கத்தில் குட்டியாக ஒரு சாப்பல். கிராமத்துக்குள் ஒரு கிராமம் என்று தோன்றும். முதியவர்களைக் கும்பலாக அடைக்கும் கட்டடமும் அவர்தான், ஆளுக்கொரு வாசல் வைத்த கட்டடமும் அவர்தான். கட்டடக் கலைஞரின் கை ஒன்றே. காசு கொடுத்தவர் கேட்டது வேறு. உன் டிரஸ்டிகளிடம் இதைச் சொல்லு.

இப்போது கட்டட அமைப்புக்கு வருகிறேன். விக்டோரியா காலத்து ஆம்ஸ்ஹவுஸ் பெரும்பாலும் ஒரே வரிசையாக இருக்கும், அல்லது மூன்று பக்கம் வீடுகள் சூழ்ந்து நாலாவது பக்கம் தெருவுக்குத் திறந்திருக்கும். நடுவில் சற்றே உயர்ந்த முகப்பு. அங்கே சாப்பலோ, டிரஸ்டிகள் கூடும் அறையோ, மணிக்கூண்டோ இருக்கும். அதன் நெற்றியில் கல்வெட்டு: யார் கட்டினார், யார் நினைவாக, எந்த வருஷம். இரண்டு பக்கமும் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உட்காரும் அறை, ஒரு படுக்கையறை, பின்னால் பாத்திரம் கழுவ ஒரு சின்ன அறை. கழிவறையும் துணி துவைக்கும் இடமும் பின்கட்டில், பல இடங்களில் பொதுவாக. அடிகுழாய் முற்றத்தின் நடுவில். அவ்வளவுதான். உள்ளே அளந்தால் சிறியதுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு தனி, புகைபோக்கி தனி. தூரத்திலிருந்து வருகிறவன் புகைபோக்கியை எண்ணியே இங்கே எத்தனை அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிடுவான். செயின்ட் கிராஸில் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய வரிசையில் அந்தப் புகைபோக்கிகள் தூண் தூணாக நிற்கின்றன. விக்டோரியா காலத்தார் பலரும் மனசில் வைத்திருந்தது அதைத்தான்.

ஏன் எல்லாம் டியூடர் காலத்துச் சாயலிலும் கோதிக் சாயலிலும் இருக்கின்றன என்று நீ கேட்பாய். "இது மடாலயங்கள் தருமம் செய்த பழைய காலத்து வீடு, ஒர்க்ஹவுஸ் இல்லை" என்று தெருவில் போகிறவனுக்குக் கட்டடமே சொல்ல வேண்டியிருந்தது. கூம்பு முகப்பு, கல்சட்டம் வைத்த சன்னல், வைரக்கட்டம் போட்ட செங்கல் சுவர் எல்லாம் அந்தப் பேச்சுத்தான். காசும் ஒரு காரணம். செங்கல் மீதான வரி 1850இல் போயிற்று, சன்னல் மீதான வரி 1851இல் போயிற்று. ரயில் வந்ததால் வேல்ஸ் நாட்டுக் கற்பலகை எந்த ஊர்க் கூரைக்கும் வந்து சேர்ந்தது. அதே ரயில்தான் லண்டன் நகரத்துக்குள் இருந்த பழைய ஆம்ஸ்ஹவுஸ்களைப் புறநகருக்குத் துரத்தியது. நிலத்தின் விலை ஏறிவிட்டது. விற்றுவிட்டு வெளியே போய்ப் பெரிதாகக் கட்டினார்கள். டாட்டன்ஹாமில் டிரேப்பர்ஸ் கம்பெனி கட்டிய வரிசை அப்படி வந்ததுதான். பெக்கமில் மதுக்கடைக்காரர்கள் தங்கள் தொழிலில் நொடிந்தவர்களுக்காக 1827இல் தொடங்கி 1860கள்வரை கட்டிக்கொண்டே போனது லண்டனிலேயே மிகப் பெரியது. இன்று கேரலைன் கார்டன்ஸ் என்று பெயர்; இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சாப்பலின் உள்பக்கம் போய்விட்டது, முகப்பும் தூண்களும் நிற்கின்றன. அது கோதிக் இல்லை, கிரேக்கக் கோயில் சாயல். சாராயம் விற்றவர்களுக்குக் கிரேக்கக் கோயில் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

எனக்கு நன்றாகத் தெரிந்தது சால்டேர். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பஸ்தான். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி பிராட்ஃபோர்டின் புகையிலிருந்து தள்ளி, 1850களில் ஒரு ஆலையும் அதைச் சுற்றி ஒரு ஊரும் கட்டினார். யுனெஸ்கோ 2001இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லாக்வுட், மாசன் என்ற இருவர் கட்டடக் கலைஞர்கள். 1868இல் ஆம்ஸ்ஹவுஸ்களைத் திறந்தார்கள்: 45 வீடுகள், நடுவில் அலெக்ஸாண்ட்ரா சதுக்கம் என்ற தோட்டம், எதிரே ஆஸ்பத்திரி. இத்தாலியச் சாயல், தேன் நிறக் கல். தொழிலாளிகளின் வரிசை வீடுகளைவிட இந்த முதியவர்களின் வீடுகளுக்கு அலங்காரம் அதிகம். வாடகை இல்லை, அதற்கு மேல் வாரம் தம்பதிக்கு 10 ஷில்லிங், தனி ஆளுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கையில் கொடுத்தார். நாற்பது வருஷம் கழித்து, 1908இல், அரசு முதன்முதலாக முதியோர் பென்ஷன் சட்டம் போட்டபோது 70 வயது தாண்டிய தனி ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங்தான் கொடுத்தது.

ஆனால் அந்த ஊரில் நடந்து பார். தெருப்பெயரெல்லாம் அவர் மனைவி, பிள்ளைகள், பேர் போதாமல் கட்டடக் கலைஞர்கள். எங்கே பார்த்தாலும் கல்லில் அவர் முதலெழுத்து. மதுக்கடை ஒன்றுகூட வைக்க விடவில்லை. ஆம்ஸ்ஹவுஸில் இடம் கிடைக்க நல்லொழுக்கம் உள்ளவர் என்று பெயர் இருக்க வேண்டும். பக்கத்து ஹாலிஃபாக்ஸில் கார்ப்பெட் முதலாளிகளான கிராஸ்லி சகோதரர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆம்ஸ்ஹவுஸ் கட்டினார்கள். அவர்களில் ஃபிராங்க் கிராஸ்லி 1855இல் கட்டியது அவருடைய மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தருமம் செய்ததைத் தானும் பார்க்க வேண்டும், வந்துபோகிற விருந்தாளியும் பார்க்க வேண்டும். நம்மூரில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைப்பதைக் கிண்டல் செய்கிறோமே, இவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

ஆம்ஸ்ஹவுஸின் நடு முகப்புக்கு இதுவும் ஒரு காரணம். டிரஸ்டிகளின் அறையும் கண்காணிப்பாளர் வீடும் அங்கே இருந்தால் எந்தக் கதவு எப்போது திறக்கிறது, யார் தேவாலயத்துக்குப் போகவில்லை, யார் தள்ளாடி வருகிறார் என்று தெரிந்துவிடும். பல இடங்களில் சீருடையும் வில்லையும் உண்டு. ஆண்டனி டிரோலப் 1855இல் எழுதிய "தி வார்டன்" நாவல் இப்படிப்பட்ட அறக்கட்டளைகளில் நடந்த ஊழலைப் பற்றியதுதான்: பன்னிரண்டு கிழவர்களுக்காக எழுதிவைத்த சொத்தின் வருமானம் ஏறிக்கொண்டே போகிறது, அவர்களுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் சொச்சம், பொறுப்பாளருக்கு வருஷம் 800 பவுண்டு. அந்தக் காலத்தில் செயின்ட் கிராஸிலேயே அப்படி ஒரு ரகளை நடந்து கோர்ட் வரை போயிருந்தது. இன்றுங்கூட ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவர் சட்டப்படி வாடகைதாரர் இல்லை. அறக்கட்டளையின் தயவில் இருப்பவர். வாடகை என்று சொல்லாமல் பராமரிப்புக்கென்று ஒரு தொகை கட்டுகிறார். விதியை மீறினால் வெளியேறச் சொல்ல டிரஸ்டிகளுக்கு அதிகாரம் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உனக்கு ஆம்ஸ்ஹவுஸின் பெருமையை எழுதுகிறேன்.

ஏனென்றால் அந்தக் கதவை நான் தட்டியிருக்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு சின்ன ஊரில் எட்டு வீடு கொண்ட வரிசை. அதில் ஒரு பாட்டி. சிறு வயதில் நூலாலைக்கு வேலைக்குப் போனவர், அந்தச் சத்தத்தில் காது பாதி போனது, காலில் ஆறாத புண். நடக்கவே முடியாதவர்களின் வீட்டுச் சுவரில் சின்னப் பெட்டிக்குள் சாவி வைத்திருப்பார்கள், எங்களுக்கு எண் தெரியும், நாங்களே திறந்துகொண்டு போகலாம். அவர் வீட்டிலும் அது இருந்தது. ஆனால் நான் திறந்து வந்தால் அவருக்குப் பிடிக்காது. தட்ட வேண்டும், நிற்க வேண்டும். உள்ளே வாக்கர் தரையில் தட்டும் சத்தம் வரும், தாழ்ப்பாள் இழுபடும், கதவு திறக்கும், "வாம்மா" என்பார். அதற்குள் மழையில் பாதி நனைந்திருப்பேன். மற்ற வீடுகளில் இருந்த நேர நெருக்கடியில் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் முதியோர் இல்லங்களிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்பதில்லை. தட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவோம். குளிக்கிறாரா, உடை மாற்றுகிறாரா என்று பார்ப்பதே இல்லை. நடைவழியில் வரிசையாக இருக்கும் கதவு அப்படித்தான் ஆகிவிடுகிறது. தெருவைப் பார்த்த கதவைத் தட்டாமல் திறக்க யாருக்கும் கை வராது.

அந்த வீட்டின் வாசலைச் சொல்கிறேன், வரைந்து பார். இரண்டு வீட்டுக்குச் சேர்த்து ஒரு சாய்கூரைத் தாழ்வாரம். அதன் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இருக்கை, நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி. ஆனால் ஒருவர் மட்டும் உட்காரும் அகலம். காலணி மண்ணைச் சுரண்ட ஓர் இரும்புப் பட்டை. வாசல்படி நடுவில் குழிந்திருக்கும், நூற்றைம்பது வருஷக் கால்கள். ஒரே தாழ்வாரத்தில் இரண்டு கதவு இருப்பதால் பக்கத்து வீட்டுப் பால்பாட்டில் காலை பத்து மணிக்கும் எடுக்கப்படாமல் இருந்தால் இவருக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் படுக்கையிலிருந்து விழுந்து கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். உதவிக்குக் கூப்பிட ஒரு மணிக்கயிறு சுவரில் தொங்கியது. விழுந்து கிடந்தவர் கைக்கு அது எட்டவில்லை.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பியூஜின் செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன். அந்தக் கட்டடங்கள் பல தெருவில் வண்டியில் போகிறவர் பார்ப்பதற்காக வரைந்தவை. கல்சட்ட சன்னல் வெளியிலிருந்து ஓவியம். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வானம் மட்டும் தெரியும், தெரு தெரியாது. சின்னச் சின்னக் கண்ணாடியும் ஈயப்பட்டையுமாக இருப்பதால் குளிர்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். வடக்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறி வால்பேப்பர் உரியும். மாடி இருந்தால் படி செங்குத்தாக ஏணி மாதிரி ஏறும். கதவு அகலம் சக்கர நாற்காலிக்குப் போதாது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் இருப்பதால் இரட்டைக் கண்ணாடி போடக்கூட அனுமதி வாங்க வேண்டும். குளியலறைக்கு இடமே இல்லை என்பதால் பல இடங்களில் இரண்டு வீட்டை இடித்து ஒன்றாக்கிவிட்டார்கள். அப்படிச் செய்த வரிசைகளில் வெளியே எட்டுக் கதவு தெரியும், நாலு கதவு திறக்காது.

அழகும் வசதியும் ஒன்றாக அமைந்ததற்கும் உதாரணம் உண்டு. பிரிஸ்டலில் ஃபாஸ்டர் ஆம்ஸ்ஹவுஸை 1860களில் தொடங்கித் திரும்பக் கட்டியபோது, பிரான்சில் போன் என்ற ஊரில் 1443இல் நிறுவிய ஏழைகள் மருத்துவமனையின் சாயலில், முற்றத்தைப் பார்த்த மர நடைமாடமும் சுழல்படிக் கோபுரமுமாகக் கட்டினார்கள். மாடியில் இருப்பவருக்கும் முற்றத்தைப் பார்த்த சொந்தக் கதவு கிடைத்தது. நிலம் குறைவு என்கிறாயே, உனக்கு இது உதவலாம். பர்மிங்ஹாமில் சாக்லேட் முதலாளி ரிச்சர்ட் கேட்பரி 1890களின் கடைசியில் போர்ன்வில்லில் 33 வீடுகளை ஒரு பெரிய சதுர முற்றத்தைச் சுற்றித் தரைத்தளமாகவே கட்டினார். மாடியே இல்லை. பக்கத்தில் வாடகை வீடுகளும் கட்டி, அந்த வாடகையை இந்த வீடுகளின் பராமரிப்புக்கு எழுதிவைத்தார். கட்டியதோடு நில்லாமல் கூரை ஒழுகினால் யார் காசு கொடுப்பது என்று யோசித்தவர் அவர். இதை டிரஸ்டிகளிடம் அழுத்திச் சொல். எனக்கு மிகவும் பிடித்தது டர்ஹாம் சுரங்கத் தொழிலாளிகள் கதை. 1898இல் ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி முன்னின்று, வேலை ஓய்ந்ததும் கம்பெனி வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் தோழர்களுக்காகச் சங்கம் தொடங்கினார். தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசில் வீடுகள் எழுந்தன. அவை சாதாரண வரிசை வீடுகள். கோதிக்கும் இல்லை, கோபுரமும் இல்லை. அங்கே யாருக்கும் யாரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டடங்கள் மனசில் எவ்வளவு ஆழமாக இறங்குகின்றன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1948இல் அரசு மருத்துவத்துறை தொடங்கியபோது பழைய ஒர்க்ஹவுஸ்களில் பல ஆஸ்பத்திரிகளாகிவிட்டன. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்கு நிமோனியா. ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். "அங்கே போனவர் யாரும் நடந்து திரும்பியதில்லை" என்று அழுதார். நான் புரியாமல் நின்றேன். கூட இருந்த மூத்த நர்ஸ்தான் சொன்னாள், அந்த ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம் அவர் சிறுவனாக இருந்தபோது ஒர்க்ஹவுஸ், அவர் பாட்டி அதில்தான் இறந்தார் என்று. மருத்துவமனைக்கு எத்தனை புதுப் பெயர் வைத்தாலும் அவருக்கு அந்த வாசல் அந்த வாசல்தான்.

லண்டன் பேயஸ் பிசினஸ் ஸ்கூல் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சில ஆம்ஸ்ஹவுஸ்களின் பழைய பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அங்கே வாழ்பவர்கள் அதே பணநிலையில் வெளியே உள்ளவர்களைவிட அதிகக் காலம் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. தனிமை இல்லாததும் ஒரு காரணம் என்கிறார்கள். பால்பாட்டிலைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக் கண் என்று நான் சொல்வேன். 2025ஆம் ஆண்டு பிரிட்டனின் ஸ்டர்லிங் கட்டடக்கலைப் பரிசும் ஓர் ஆம்ஸ்ஹவுஸுக்குத்தான் கிடைத்தது: பெர்மண்ட்சியில் உள்ள ஆப்பிள்பி ப்ளூ, வடிவமைத்தவர்கள் விதர்ஃபோர்ட் வாட்சன் மான். பல மாடிக் கட்டடம்தான், லிஃப்ட் உண்டு. ஆனால் நடைவழி இருட்டுக் குகையாக இல்லை. ஒரு பக்கம் கண்ணாடி, வெளிச்சம், செடித்தொட்டி, வீட்டு வாசலில் உட்கார இருக்கை. பொதுக்கூடம் கடைத்தெருவைப் பார்த்து இருக்கிறது. பியூஜினுக்குப் பிடித்திருக்காது, அந்தப் பாட்டிக்குப் பிடித்திருக்கும்.

ஆகவே மாடி வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் நடைவழியை நடுவிலிருந்து எடுத்து ஒரு ஓரத்துக்குத் தள்ளி, முற்றத்தைப் பார்த்துத் திறந்துவிடு. நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் அதுதான் நல்லது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக் கதவுகள் அடுத்தடுத்து வரட்டும், நடுவில் இருவர் உட்கார இடம் இருக்கட்டும். சன்னலின் அடிமட்டத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே கையை நீட்டி முடிவு செய். நின்றுகொண்டு முடிவு செய்யாதே. அழைப்பு மணி விழுந்து கிடக்கிறவர் கைக்கும் எட்டட்டும். கல்வெட்டு வைப்பதில் டிரஸ்டிகளோடு சண்டை போடாதே, தங்கள் அம்மா நினைவாகக் கட்டுகிறார்கள், பெரிதாகவே வைக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கதவிலும் உள்ளே இருப்பவர் பெயரும் இருக்க வேண்டும் என்று கேள். கதவின் சாவி அவரிடம். இன்னொரு சாவி ஆபத்துக்கு மட்டும். பராமரிப்புப் பணத்தைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்காமல் அஸ்திவாரம் தோண்டாதே. செலவு ஏறுகிறது என்பார்கள், ஏறட்டும். எதை வேண்டுமானாலும் குறை, ஆளுக்கொரு வாசலை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

மே மாதம் லீவு போட்டுவிட்டு வா. சால்டேரையும் ஹாலிஃபாக்ஸையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், நடக்கச் செருப்பு மட்டும் நல்லதாகக் கொண்டு வா. அக்காவையும் கூட்டி வரச் சொல்வேன், ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படி அவள் முழங்காலுக்கு ஆகாது. வருவதாக இருந்தால் கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தி